டெல்டா கொல்லையில் கோழிக்கூடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கோழி தும்மினால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம், முட்டை குறைந்தால் தீவனத்தைத் திட்டுகிறோம். கூட்டைக் குனிந்து பார்ப்பது கடைசியில்தான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்ப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் கூட்டிலிருந்தே கிளம்புகிறது. நம் மண் அப்படி. களிமண் தண்ணீரை உள்ளே விடாது, வாங்கிய ஈரத்தையும் லேசில் விடாது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கொல்லை மண்ணில் ஈரம் ஏறிவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டில் நன்றாக இருந்த கூட்டை அளவு மாறாமல் இங்கே கட்டினால், முதல் மழைக்காலத்திலேயே அது நாறத் தொடங்கும்.

பகலில் மேயவிட்டு இரவில் அடைக்கும் சிறுவிடை, பெருவிடை மாதிரி நாட்டுக்கோழிகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் கூட்டைப் பார்க்க இரண்டு நேரம் உண்டு. ஒன்று, விடியற்காலை கதவைத் திறக்கும் முன். இன்னொன்று, இரவு ஒன்பது மணிக்கு டார்ச் வெளிச்சத்தில். பகலில் போய்ப் பார்த்தால் எல்லாக் கூடும் நல்ல கூடாகத்தான் தெரியும்.

காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிகிறது, கோழிகள் தும்முகின்றன

நின்றபடி மோந்து பார்த்தால் போதாது. உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் அது அம்மோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அது கிளம்பியே தீரும். நம் கண் எரியும் அளவுக்கு வந்துவிட்டதென்றால், இரவு முழுக்க அதைச் சுவாசித்த கோழியின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். சளியும் மற்ற நோய்க்கிருமிகளும் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

காரணம் பெரும்பாலும் நம் பாசம்தான். மழை பிடித்ததும் "பாவம், குளிருது" என்று கூட்டைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுகிறோம். டெல்டாவில் மார்கழி விடியற்காலைகூட இருபது டிகிரி அளவில்தான் நிற்கும். இறகு காய்ந்திருக்கும் வளர்ந்த கோழிக்கு அது ஒரு குளிரே இல்லை. நனைந்த இறகும் அடைத்த காற்றும்தான் அதைக் கொல்லும்.

செய்ய வேண்டியது: கூரைக்குக் கீழே, கோழி உட்காரும் கழிக்கு மேலே, நான்கு பக்கமும் முக்கால் அடி உயரத்துக்கு வலையடித்துத் திறந்து விடுங்கள். சூடான காற்றும் நெடியும் மேலே போய் அந்த வழியாக வெளியேறிவிடும். கழிக்குக் கீழே காற்று நேராகக் கோழிமேல் அடிக்காமல் இருந்தால் போதும். தார்ப்பாய் வேண்டுமென்றால் வாடைக்காற்றும் சாரலும் வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் தொங்கவிடுங்கள். அதையும் மேலே கட்டிக் கீழே இறக்காதீர்கள். கீழே கட்டி மேலே ஏற்றுவது மாதிரி வைத்தால் உச்சியில் எப்போதும் ஒரு வாய் திறந்திருக்கும்.

நெடி வந்ததும் எல்லோரும் சுண்ணாம்பைத் தூவுவார்கள். ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்பு விழுந்தால் அம்மோனியா அப்போதைக்கு இன்னும் அதிகமாகத்தான் கிளம்பும். முதலில் ஈரமான உமியை வாரி எருக்குழியில் போடுங்கள். வெறும் தரையில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவி ஒரு பகல் திறந்து போடுங்கள். அப்புறம் புது உமி. நீற்றாத சுண்ணாம்பைக் கொட்டினால் கோழியின் கால் வெந்துவிடும், அது ஆகவே ஆகாது.

தரை காயவே மாட்டேன் என்கிறது

ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரித்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அடுத்தது, ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் ஈரம் என்றால் கூரை ஒழுக்கு, அல்லது தண்ணீர்ச் சட்டி. வடகிழக்கு மூலையில் ஈரம் என்றால் சாரல். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி, மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருந்தால் தரையே ஈரத்தை மேலே இழுக்கிறது.

முதல் இரண்டும் எளிது. தண்ணீர்ச் சட்டியை இரவில் கூட்டுக்குள் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, வெளியே எடுத்துவிடுங்கள். சாரலுக்கு இறவாணத்தை இரண்டடி வெளியே நீட்டுங்கள், கீற்றோ தகரமோ எதுவானாலும் சரி. அரையடி இறவாணம் வெயிலுக்குத்தான் நிழல் கொடுக்கும். ஐப்பசி மழை படுத்துக்கொண்டுதான் அடிக்கும், அதை அது தடுக்காது.

மூன்றாவதுதான் டெல்டாவின் நிஜமான சிக்கல். தரையோடு தரையாகக் கட்டிய கூட்டை எத்தனை மூட்டை உமி போட்டாலும் காப்பாற்ற முடியாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒன்றரை அடிக்கு மேடு எழுப்பி, அடியில் செங்கல் ஜல்லியும் மேலே மணலும் போட்டு, சுற்றிலும் ஒரு சின்னக் காண் வெட்டுவது. இன்னொன்று, சவுக்குக் கழி கால்களில் கூட்டையே இரண்டு இரண்டரை அடி தூக்கிவிட்டு, தரைக்கு மூங்கில் பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை) அடிப்பது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். எச்சம் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும், காற்று அடியிலும் ஓடும், கொல்லையில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் கோழி நனையாது. பிளாச்சுக்கு நடுவே அரை அங்குலத்துக்குமேல் இடைவெளி விடாதீர்கள், கால் மாட்டிக்கொள்ளும். குஞ்சு இருக்கிற மூலையில் மட்டும் சாக்கு விரித்து உமி போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்த எச்சத்தை வாரம் ஒருமுறை வழித்து உமிச் சாம்பல் தூவினால் ஈயும் புழுவும் வராது.

எதை விரிப்பது என்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ரைஸ் மில் உமிதான் நமக்கு மலிவு, நல்லதும்கூட. இரண்டு மூன்று அங்குலம் போட்டு வாரத்துக்கு இரண்டு தடவை கிளறிவிடுங்கள். தென்னை நார்க் கழிவு தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், மழைக்காலத்துக்கு ஆகாது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை எந்தக் காலத்திலும் போடாதீர்கள். அந்தத் தூசியைச் சுவாசித்துத்தான் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாகின்றன. அந்தப் பூஞ்சணம் நுரையீரலில் இறங்கிவிட்டால் மருந்து வேலை செய்யாது.

ஈரத் தரையில் மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள் சுருண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல். மருந்து உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஆனால் அந்தக் கிருமியின் முட்டைகள் வளர்வது அதே ஈரத்தில்தான். தரையைக் காயவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த ஈட்டிலும் அதே கதைதான்.

கோழி கூட்டுக்குள் அடைய மறுக்கிறது, முருங்கையில் ஏறிக்கொள்கிறது

இதைக் கோழியின் திமிர் என்று நினைத்து விரட்டி விரட்டிப் பிடித்து உள்ளே தள்ளுகிறவர்கள்தான் அதிகம். நேற்றுவரை தானாக வந்த கோழி இன்று மரத்துக்குப் போகிறதென்றால் உள்ளே ஏதோ கடிக்கிறது என்று அர்த்தம்.

இரவு கோழி அடைந்த பிறகு, ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். கழியின் அடிப்பக்கத்தையும் அது சட்டத்தில் உட்காரும் மூட்டையும் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால், கடுகைவிடச் சின்னதான செள்ளு கோழி இரத்தத்தைக் குடித்துவிட்டு அங்கே ஒளிந்திருக்கிறது. பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பகலில் அது கோழிமேல் இருக்காது. மூங்கிலின் பொந்து, பலகை வெடிப்பு, கீற்று முடிச்சு, இவைதான் அதன் வீடு. உண்ணியும் இப்படித்தான் பகலில் ஒளிந்துகொள்ளும். கொண்டை வெளுத்துப்போவது, முட்டை குறைவது, அடைக்கோழி பாதியில் எழுந்து போவது எல்லாம் இதன் கூடவே வரும்.

கோழிமேல் பவுடர் போடுவதால் மட்டும் பயனில்லை. கூட்டைக் காலி செய்து, கழிகளைக் கழற்றி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வெடிப்புகளில் ஊற்றுங்கள். வெயிலில் காயவிடுங்கள். மூங்கிலின் திறந்த முனைகளைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு கெட்டியான சுண்ணாம்புக் குழம்பு இரண்டு பூச்சு, வெடிப்புக்குள் போகிற மாதிரி. ஏழெட்டு நாள் கழித்து இன்னொரு முறை, முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்தவற்றுக்காக. சிலர் இரண்டு மாதம் கூட்டைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்பார்கள். சாகாது. செள்ளு மாதக்கணக்கில் தாங்கும், உண்ணி வருஷக்கணக்கில் தாங்கும். பூச்சி மருந்து தெளிப்பதானால் மருத்துவர் சொல்லும் மருந்து, அவர் சொல்லும் அளவு. வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று கூட்டில் அடித்தால் அது முட்டை வழியாக நம் வயிற்றுக்கே வரும்.

கொல்லையில் ஒரு மூலையில், மழை படாத இடத்தில், மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி வைத்துவிடுங்கள். கோழி அதில் புரண்டு பேனைத் தானே பார்த்துக்கொள்ளும்.

காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது

யார் வேலை என்று தெரியாமல் அடைப்பு வேலையில் இறங்காதீர்கள். தடயத்தைப் படியுங்கள்.

குஞ்சோ முட்டையோ மட்டும் சுத்தமாகக் காணோம், இரத்தமோ இறகோ ஓடோ இல்லை என்றால் பெரும்பாலும் பாம்பு. ஒரே இரவில் இரண்டு மூன்று கோழி கழுத்தில் கடிபட்டு, தின்னப்படாமலே கிடந்தால் மரநாய் வகை. காலோ விரலோ கடிபட்டு, அல்லது குஞ்சு பாதி தின்னப்பட்டுக் கிடந்து, கூட்டின் ஓரம் மண் தோண்டப்பட்டிருந்தால் பெருச்சாளி. வலை பிய்ந்து, கொல்லை முழுக்க இறகு சிதறியிருந்தால் நாய். பகல் வேளையில் குஞ்சு போனால் காக்கை, வல்லூறு, அல்லது பகலில் நடமாடும் கீரி.

கடையில் "கோழி வலை" என்று தரும் அறுகோணக் கண் வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் ஆகும். நாய் பல்லால் கிழித்துவிடும், பாம்பு கண் வழியாக நுழைந்துவிடும். இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருந்தால் கீரிக்கு அது வாசல். கீழிருந்து இரண்டடிக்காவது அரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த சதுரக் கண் கம்பி வலை) அடியுங்கள். காசு கூடத்தான், ஆனால் கூட்டில் காசு போட வேண்டிய இடமே அதுதான். பெயின்டுக்கும் அழகுக்கும் வைத்திருக்கும் பணத்தை இங்கே திருப்புங்கள். தரையோடு இருக்கும் கூடானால் மெஷ்ஷை அப்படியே வெளிப்பக்கமாக மடக்கி ஓர் அடி அகலத்துக்கு மண்ணுக்கடியில் பரப்பிவிடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும், கம்பி தட்டியதும் விட்டுவிடும். கதவின் கீழ் இடுக்கு, கொண்டி ஆட்டம், கூரையும் சுவரும் சேரும் இடம், இவற்றை டார்ச்சை உள்ளே வைத்துவிட்டு வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஓட்டை.

பாம்பு விஷயத்தில் இன்னொன்று. அது முதலில் கோழிக்காக வருவதில்லை. இரவு கூட்டில் மிச்சம் கிடக்கும் குருணைக்கும் கம்புக்கும் எலி வருகிறது, எலிக்குப் பின்னாலே பாம்பு. அடைத்த பிறகு உள்ளே ஒரு தானிய மணிகூட இருக்கக் கூடாது. விறகு, கீற்று, பழைய ஓடு எதையும் கூட்டை ஒட்டி அடுக்கக் கூடாது. முட்டை எடுக்க இருட்டில் கையை விடவே கூடாது, வீட்டில் பிள்ளைகளை அனுப்பினால் டார்ச்சோடு அனுப்புங்கள்.

கீரியும் சாரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை, அடித்துப் போடுவது குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டு மின்சாரத்தை எடுத்துக் கூட்டுக் கம்பியில் கொடுப்பது. அதில் சாவது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆடும் மனுஷரும்தான்.

முட்டையில் எச்சம், முட்டை உடைசல், அல்லது முட்டையே காணோம்

முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் கோழி முட்டைப் பெட்டியில்தான் தூங்குகிறது. கோழி எப்போதும் கூட்டில் மிக உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி கழியைவிட உயரத்தில் இருந்தால் அதுதான் படுக்கை. கழியை மேலே ஏற்றுங்கள், அல்லது பெட்டியைக் கீழே இறக்குங்கள். தீர்ந்தது.

வைக்கோல் போருக்கு அடியிலோ வாழைப் பாத்தியிலோ போய் இடுகிறதென்றால் பெட்டி வெளிச்சமாகவோ நெரிசலாகவோ இருக்கிறது. நான்கைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி, நீளம் அகலம் உயரம் எல்லாம் ஓர் அடி, முன்னால் ஒரு சாக்குத் துண்டைப் பாதி மறைத்துத் தொங்கவிட்டால் போதும். அடைக்கோழி ஒன்று பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் அடைவையுங்கள். மற்றக் கோழிகள் பெட்டிக்குப் பழகும்வரை நாலைந்து நாள் காலை பத்துப் பதினொரு மணிக்குமேல் மேயவிடலாம்.

கோழியே முட்டையை உடைத்துக் குடித்தால், அந்தப் பழக்கம் தோல்முட்டையிலும் மெல்லிய ஓட்டிலும் தொடங்கியிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரைப் பக்கத்தில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? இடித்து ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும், தீவனத்தில் கலக்கத் தேவையில்லை.

மார்கழியில் முட்டை குறைவதற்குப் பகல் சுருங்குவதுதான் காரணம் என்று பல்பு மாட்டச் சொல்வார்கள். அது வடநாட்டுக்கும் குளிர் நாட்டுக்கும் பொருந்தும் விஷயம். நம் ஊரில் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். இறகு உதிர்க்கிறதா, அடைக்கு உட்காருகிறதா, செள்ளு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சித்திரை வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நிற்கிறது

வெறும் தகரக் கூரை. அதன்மேல் இரண்டு வரிசை கீற்று போட்டுக் கட்டுங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே விழாது. ஏற்கெனவே தப்பாகக் கட்டிவிட்டால் மேற்குப் பக்கம் ஒரு தட்டி மறைத்துவிடுங்கள், நாலு மணி வெயில்தான் கொல்கிற வெயில். உள்ளே தண்ணீர் தெளித்துக் குளிர வைக்கும் யோசனை கடலோர ஊர்களுக்கு ஆகாது. காற்றில் ஏற்கெனவே புழுக்கம். கோழி மூச்சு வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, புழுக்கம் கூடினால் அதுவும் நின்றுவிடும்.

கொண்டையிலும் கண்ணோரமும் மரு

கோழி அம்மை. பரப்புவது கொசு. சாயங்காலம் அடைத்ததும் திறப்புகளில் கொசுவலைத் துணியை இறக்கிவிடுங்கள், கூட்டடியில் தேங்கும் தண்ணீரை வடியவிடுங்கள். தடுப்பூசியும் உண்டு.

நொண்டுகிறது, உள்ளங்கால் வீங்கியிருக்கிறது

கழி மிக உயரம், கீழே தரை கட்டாந்தரை, அல்லது கழியில் சிலாம்பு. மூன்றடிக்குக் கீழே இறக்கி, இரண்டங்குல அகலச் சட்டத்தை ஓரம் மழுக்கிப் போடுங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் இடம் வேண்டும்.

ஒன்றையொன்று கொத்தி முதுகு வெறிச்சோடிவிட்டது

மழை நாளில் பகலெல்லாம் அடைத்துவைத்தால்தான் இது வரும். இரவு அடைவதற்கு மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஒன்றரை சதுர அடி போதும், ஐந்துக்கு நான்கடிக் கூட்டில் பத்துப் பன்னிரண்டு தாராளமாக அடையும். பகலிலும் உள்ளேயே என்றால் அந்த அளவு பற்றாது. கூட்டை ஒட்டிக் கீற்றுச் சாய்ப்பு ஒன்று இறக்கி, மூன்று பக்கம் வலை அடித்து, உள்ளே ஒரு கத்தை அகத்திக் கீரையைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை இருந்தால் சண்டை குறையும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த வேதாரண்யம் பக்கத்தில் தென்னையே சாய்ந்தபோது கோழிக்கூடு எம்மாத்திரம். கூட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கோழியைக் காப்பாற்றுங்கள். பஞ்சாரத்திலோ, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ போட்டுத் தளம் போட்ட வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கூரைத் தகரத்தை முடிந்தால் முன்கூட்டியே கழற்றிப் படுக்க வைத்துக் கல் ஏற்றுங்கள், பறந்தால் அது அரிவாள். வருஷத்துக்கொருமுறை, புரட்டாசியிலேயே, கூரையைக் காலோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறதா என்றும் கால் மண்ணில் இரண்டடியாவது இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கூட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சாகிறது

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, ஒன்றன்பின் ஒன்றாக விழுவது என்றால் அது வெள்ளைக் கழிச்சல். இதற்குக் கூடு காரணமில்லை, தடுப்பூசி போடாததுதான் காரணம். குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் இதற்கென்று முகாம் நடத்தும்போது கோழியை மேயவிட்டுத் தேட வேண்டாம், முதல் நாள் இரவே பஞ்சாரத்தில் பிடித்துப் போட்டுவிடுங்கள்.

செத்த கோழியை வாய்க்காலில் வீசாதீர்கள். அதே தண்ணீர்தான் அடுத்த தெருக் கொல்லைக்கும் போகிறது. மேடான இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காரணம் தெரிய வேண்டுமென்றால் புதைக்கும் முன் ஒன்றை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே கொண்டுபோங்கள். ஒரு நாள் வைத்திருந்து அழுகிப்போனால் அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது. ஆனால் நாலைந்து நாளுக்குள் தெருவிலேயே கொத்துக் கொத்தாகக் கோழியும் காக்கையும் சாகிறதென்றால் எதையும் கையால் தொடாமல் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை மிச்சக் கோழியைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள்.